எஸ்டேட் பகுதியில் துணையோடு தங்கும் வீடு எத்தனை பேருக்குத் தேவை என்று எப்படிக் கணக்கெடுப்பது?

கேட்டவர் கேரளத்தில் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு பக்கம். தனித்து வாழும் முதியவர்கள், மனநலம் பாதித்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேருக்கு ஆள்துணையோடு வீடு வேண்டும் என்று பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான் அதே மாவட்டத்துத் தேவிகுளம் பக்கம், படுத்த படுக்கையானவர்களைப் பார்க்கும் பாலியேட்டிவ் தொண்டராக, லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், "வீடு இருக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் இருக்கு என்றுதான் சொல்வார்கள். 2025 வரை இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி கம்பெனி கொடுத்த வீடு அது, வேலை இருக்கிறவரைக்கும்தான். லயத்தைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி (ஓய்வில் தரும் பணிக்கொடை) என்று நெருக்குகிற இடங்களும் உண்டு. அதனால் இந்த வீடு யார் வேலையில் நிற்கிறது, அவருக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் என்று கேளுங்கள். ஐம்பத்தாறு வயது அம்மா கொழுந்து எடுக்கிறார், வீட்டில் தானாகச் சாப்பிடக்கூடத் தெரியாத முப்பது வயது மகன். 58-ல் அம்மா ரிட்டயர் ஆனால் இரண்டு பேருக்குமே வீடு போய்விடும். ஆனால் இன்றைய எந்தப் பட்டியலிலும் அவர்கள் வீடற்றவர்கள் இல்லை.

"நாங்க ஊருக்குப் போயிருவோம்" என்பார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். ஊர் என்பது சங்கரன்கோவிலோ போடியோவாக இருக்கும். அங்கே குலசாமி இருக்கும், படுக்க ஒரு திண்ணை இருக்காது. யார் வீட்டில் தங்குவீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அப்புறம், துணை எந்த நேரத்துக்கு வேண்டும் என்பது. டவுனில் ராத்திரியைப் பற்றிக் கேட்பார்கள். லயத்தில் ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உண்டு. காலையில் எல்லோரும் வேலைக்காட்டுக்குப் போனபிறகு சாயங்காலம் வரை அந்த வரிசையே காலி. விழுந்தால் தூக்க, மாத்திரை எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. பகலில் ஒரு ஆள் வந்துபோனால் போதும் என்கிறவர்களைத் தனியாக எழுதுங்கள். அவர்களுக்கு வேறு வீடு தேவையில்லை.

அரசு மனநல மையங்களிலும் விசாரியுங்கள். குடும்பம் இல்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை அங்கேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. சிகிச்சை முடிந்தும் கூட்டிப்போக ஆள் வராதவர்களில் நம் பகுதிக்காரர்கள் இருக்கலாம். சென்னை 'தி பேனியன்' அமைப்பு இவர்களைப் போன்றவர்களை நாலைந்து பேராக, ஒரு உதவியாளரோடு, சாதாரண வாடகை வீட்டில் குடிவைக்கிறது. எனக்குச் சரியாகப் படுவது இந்த மாதிரிதான். 2007 முதியோர் சட்டம் சொல்லும் 150 பேர் தங்கும் இல்லத்துக்குப் போகச் சொன்னால் எங்கள் பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள்.

பஞ்சாயத்தில் ஒன்று சொல்வார்கள்: கொடிய வறுமையில் இருப்பவர்கள் என்று கேரள அரசு எடுத்த அதிதரித்திரர் பட்டியலில் இவர்கள் இல்லையே, 2025 நவம்பர் 1-ல் கேரளத்தில் கொடிய வறுமை ஒழிந்ததாக அறிவித்தாயிற்றே என்று. அந்தப் பட்டியலில் வந்த 64,006 குடும்பங்கள் கணக்கெடுத்த சமயத்து நிலையை வைத்துத் தேர்ந்தவை. அதனால் உங்கள் மனுவில் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ரிட்டயர் ஆகும் வருஷத்தை எழுதுங்கள். ஆஷா பணியாளரிடமும் பாலியேட்டிவ் நர்ஸிடமும் சரிபார்த்துவிட்டுக் கிராம சபையில் வையுங்கள்.