தடுமாறி நடந்தவர்

அன்புள்ள ஐயா,

'போரும் வாழ்வும்' நாவலை நான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டு படித்து முடித்தேன். அந்த நிறைவோடு டால்ஸ்டாயின் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கியபோது மனம் கசந்துவிட்டது. எளிமையைப் போதித்தவர் பண்ணை மாளிகையில் வேலைக்காரர்கள் சூழ வாழ்ந்திருக்கிறார். புலனடக்கத்தைப் பற்றி எழுதியவருக்குப் பதின்மூன்று குழந்தைகள். நிலவுடைமை பாவம் என்றவர் தம் நிலத்தை மனைவி மக்களுக்கே பிரித்துக் கொடுத்திருக்கிறார். நாவலாசிரியரை மட்டும் வைத்துக்கொண்டு போதகரை விட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் அடுக்கியிருப்பவற்றில் எதுவும் பொய்யில்லை. அவற்றையெல்லாம் உங்களைவிடக் கடுமையான சொற்களில் டால்ஸ்டாயே தம் நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் உங்கள் நண்பர்கள் செய்யச் சொல்லும் பாகப்பிரிவினைக்கு என்னால் உடன்பட முடியவில்லை. அந்த நாவல்களை எழுதிய கண்ணும், பிற்காலத்தில் அவரை நிம்மதியாகச் சாப்பிடவிடாமல் செய்த கண்ணும் ஒன்றே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1857இல், தம் 28ஆம் வயதில், பாரிசில் ஒருவனுக்குக் கில்லட்டினில் மரண தண்டனை நிறைவேற்றப்படுவதை அவர் பார்த்தார். தலை வேறாகவும் உடல் வேறாகவும் பெட்டியில் விழுந்த ஓசையைக் கேட்ட அந்தக் கணத்தில், உலகத்தின் எந்தத் தத்துவமும் இதை நியாயப்படுத்த முடியாது என்பதை அறிவால் அல்ல, உடம்பு முழுவதாலும் உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, 1881ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், மாஸ்கோவில் வீடற்றோர் இரவு தங்கும் விடுதி ஒன்றின் வாசலுக்குப் போனார். வெளியே நடுங்கிக்கொண்டு நின்றவர்களுக்குச் சூடான தேன்பானம் வாங்கிக் கொடுத்தார். கையிலிருந்த காசையும் கொடுத்தார். வீடு திரும்பிக் கம்பளம் விரித்த படிகளில் ஏறி, வெள்ளைக் கையுறை அணிந்த பணியாளர்கள் பரிமாற ஐந்து வகை உணவுக்கு முன் அமர்ந்தபோது, அவருக்கு நினைவு வந்தது அந்தப் பாரிஸ் காட்சிதான். ஆயிரக்கணக்கானோர் பசியில் கிடக்க நாம் வயிறு புடைக்க உண்பது, அன்று கண்டதைப் போன்றே ஒரு குற்றம். அதுவும் ஒருமுறை நடந்து முடிந்துவிடாமல் ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருக்கும் குற்றம் என்று எழுதினார். ஒரு முழுப் போரையே ஒரு காயம்பட்டவனின் கண்ணால் காட்டத் தெரிந்தவருக்கு, தம் சாப்பாட்டு மேசையை அந்த விடுதிவாசியின் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போதகர் பிறந்தது இப்படித்தான்.

1886இல் வெளிவந்த 'இவான் இலியிச்சின் மரணம்' குறுநாவலையும் நினைத்துப் பாருங்கள். சாகக் கிடக்கும் நீதிபதியிடம், நோய் குணமாகிவிடும் என்று மனைவியும் மருத்துவர்களும் ஓயாமல் பொய் சொல்கிறார்கள். நோயைவிட அந்தப் பொய்தான் அவரை வதைக்கிறது. கெராசிம் என்ற பணியாள் ஒருவன் மட்டும் இரவெல்லாம் அவருடைய கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். 'எல்லோரும் ஒருநாள் சாகத்தானே போகிறோம், இந்தச் சிரமத்தைப் படுவதில் என்ன இருக்கிறது' என்கிறான். இதை எழுதியவர் கலைஞரா, போதகரா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கொள்கையைப் பொறுத்தவரை அவர் பிடிவாதக்காரர். ஆனால் அந்தப் பிடிவாதம் பசியின் முன் நிற்கவில்லை. பணக்காரர் செய்யும் தானம் என்பது ஏழையிடமிருந்து பறித்ததில் ஒரு துளியைத் திருப்பித் தருவதே என்று வாதிட்டு வந்தவர், 1891இல் பஞ்சம் வந்தபோது ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். களைச்செடியின் விதையைக் கலந்து சுட்ட கறுத்த, கசக்கும் ரொட்டியை மக்கள் தின்றுகொண்டிருந்தார்கள். வெறும் வயிற்றில் அதை மட்டும் தின்றால் குமட்டும் என்று எழுதினார். அதன்பின் தம் வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, 63 வயதில் மகள்களுடன் ரியாசான் மாகாணத்துப் பெகிச்செவ்கா கிராமத்தில் போய்த் தங்கினார். குடியானவர்களின் குடிசைகளிலேயே கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. இந்தப் பணியை அவர் அடுத்த குளிர்காலத்திலும் தொடர்ந்தார்.

போதகரை விட்டுவிடுவது நமக்கு அவ்வளவு எளிதும் அல்ல. 1908இல் இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், 'இன்னா செய்யாமை' அதிகாரத்துக் குறள்களை அவர் மேற்கோள் காட்டியிருக்கிறார். அந்தக் கடிதத்தின் வழியாகத்தான் காந்தி அவருக்கு எழுதத் தொடங்கினார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே உருவான டால்ஸ்டாய் பண்ணையில், சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் தமிழ்க் குடும்பங்களும் தங்கியிருந்தன.

நீங்கள் கேட்ட இதே கேள்வியை அவரிடமே கேட்டவர்கள் உண்டு. 1880களின் தொடக்கத்தில் ஒருவருக்கு எழுதிய பதிலில், என்னைத் தாக்குங்கள், நான் போகும் பாதையைத் தாக்காதீர்கள் என்றார். வீட்டுக்குப் போகும் வழி தெரிந்த ஒருவன் குடிகாரனைப் போலத் தள்ளாடி நடக்கிறான் என்பதால் வழி தவறாகிவிடுமா என்பது அவருடைய கேள்வி. இந்தப் பதில் எனக்குப் போதுமானதாகவே இருக்கிறது, ஒருவர் விஷயத்தில் தவிர.

அவர் தள்ளாடியபோதெல்லாம் அடிபட்டவர் மனைவி சோபியா. 1862இல் 34 வயதுக்காரரை மணந்தபோது அவருக்கு வயது 18. நாவல்களின் கைப்பிரதிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர் அவர். பெற்ற குழந்தைகளில் ஐந்தைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர் அவர். பஞ்ச காலத்தில் நாளிதழில் வேண்டுகோள் எழுதி நிதி திரட்டியவரும் அவரே. அந்த மனைவிக்குத் தெரியாமல் 1910 ஜூலையில் டால்ஸ்டாய் காட்டுக்குள் போய், ஒரு மரத்தின் அடிக்கட்டையில் அமர்ந்து உயிலில் கையெழுத்திட்டார். இவான் இலியிச்சின் வீட்டிலிருந்த பொய்யைத் தோலுரித்தவர், தம் வீட்டில் இப்படி ஒன்றை ஒளித்து வைத்தார். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் ஓர் அதிகாலையில் அவர் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறினார். வழியில் நிமோனியா கண்டு, அஸ்தாபவோ ரயில் நிலைய அதிகாரியின் வீட்டில் படுக்கையில் விழுந்தார். தேடி வந்த சோபியாவை, டால்ஸ்டாய் நினைவிழக்கும்வரை உள்ளே விடவில்லை. வெளியில் நின்றபடி அந்த வீட்டு ஜன்னல் வழியாக சோபியா எட்டிப் பார்க்கும் படம் ஒன்று இருக்கிறது. உங்கள் மனக்கசப்பு அந்த அம்மையாரின் பொருட்டு என்றால், அதில் எனக்கும் பங்குண்டு.