கப்பலில் தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பாருங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கணவர் துபாயிலிருந்து விடுப்பில் வருகிறார். அரையாண்டு விடுமுறையில் சென்னையிலிருந்து இலங்கை போய்வரும் சொகுசுக் கப்பலில் ஐந்து நாள் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். கடல் காற்று, ஏசியால் சளி, காதடைப்பு, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமை, கப்பல் வைரஸ் என்று எல்லாமே பயமாக இருக்கிறது. நீச்சல்குளத்தில் விளையாடிய பிள்ளை அன்று இரவு தூக்கத்திலேயே இறந்துபோகும் என்று ஒரு ரீல்ஸில் பார்த்தேன். வாந்தி வராமல் நன்றாகத் தூங்க மெடிக்கலில் கேட்டு ஒரு சிரப் வாங்கி வைத்திருக்கிறேன்; இரண்டு பேருக்கும் கொடுக்கலாமா? சின்னவனுக்கு ஒன்றரை வயது ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். “நடுக்கடல்ல பிள்ளைக்கு ஒண்ணுன்னா எங்க தூக்கிட்டு ஓடுவ?” என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்: இவ்வளவு நீளக் கடிதத்தில் உண்மையான கேள்வியைக் கேட்டிருப்பவர் உங்கள் மாமியார்தான். அவருக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

பெரிய பயணிகள் கப்பலில் மருத்துவர் இருப்பார், செவிலியர் இருப்பார். குளுக்கோஸ் ஏற்றவும் ஆக்சிஜன் வைக்கவும் வசதியுள்ள சிறிய மருத்துவ அறை இருக்கும். குழந்தை நல மருத்துவரையும் ஐசியுவையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கப்பலில் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். இவற்றுக்கு அந்த அறை போதும், நேரத்துக்குப் போனால்.

அந்த நேரத்தைத்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய வீட்டுப் பிள்ளைகளையே கண் குழிந்து, நாக்கு வறண்டு, விடியற்காலையில் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். “சாயங்காலம் நாலு தடவ வாந்தி எடுத்தான் டாக்டர், அப்புறம் ராத்திரி பூரா நல்லாத் தூங்கினான், அதான் எழுப்பல” என்பார்கள். அவன் எங்கே தூங்கினான்? உடம்பில் தண்ணீர் வற்றிக் கிறங்கிக் கிடந்திருக்கிறான். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போனது அதனால்தான்.

ஆகவே கப்பலில் நீங்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இரண்டு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ள பிள்ளை கிறங்கிப்போகிறதா, சிறுநீர் போகாமல் இருக்கிறதா? இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவ அறைக் கதவைத் தட்டுங்கள். அங்கே கட்டணம் தனி, டிக்கெட்டில் அடங்காது, கரையில் கொடுப்பதைவிட அதிகமாகவே இருக்கும். அந்தக் காசை நினைத்துத் தயங்குகிற பெற்றோர் உண்டு. கப்பல் சிகிச்சையும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்த பயணக் காப்பீட்டை இப்போதே பிள்ளைகள் பேரிலும் எடுத்துவிட்டால் அந்தத் தயக்கம் இருக்காது.

தூக்கமா கிறக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எழுப்பிப் பாருங்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பினால் சிணுங்கும், கையைத் தட்டிவிடும், உங்களைப் பார்க்கும், டம்ளரை நீட்டினால் வாங்கிக் குடிக்கும். கிறங்கிய பிள்ளை கண்ணைத் திறந்தும் உங்களைப் பார்க்காது. ஸ்பூனில் கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழியும். அழுதாலும் கண்ணீர் வராது. தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய நிலைக்குப் போக வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் தண்ணீர் நன்றாக வற்றிவிட்டது என்று பொருள்.

சிறுநீர் விஷயத்தில் டயபர் ஏமாற்றும். எடுத்துப் பார்த்தால் கனமாக இருக்கும், ‘ஒண்ணுக்குப் போயிருக்கான்’ என்று நினைப்பீர்கள். அது அத்தனையும் தண்ணீராய்ப் போன மலமாக இருக்கலாம். வயிற்றுப்போக்கு இருக்கும்போது டயபரின் முன்பக்கத்தில் ஒரு டிஷ்யூவை மடித்து வையுங்கள்; நனைகிறதா, எப்போது நனைந்தது என்று தெரியும். சின்னவனுக்கு ஆறு மணி நேரம், பெரியவளுக்கு எட்டு மணி நேரம் காய்ந்தே இருந்தால் அதுவே போதும், வேறு அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். பெரியவளிடம் இன்னொரு சிக்கல். கப்பல் கழிப்பறையில் பட்டனை அழுத்தினால் ‘உஷ்ஷ்’ என்று பெரிய சத்தத்தோடு இழுக்கும். பயந்துபோய் அடக்கிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. முதல் நாளே கூட நின்று பழக்கிவிடுங்கள். பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், இந்த இரண்டுக்கும் மணிக்கணக்கு ஒன்றும் கிடையாது, பார்த்தவுடன் போக வேண்டும்.

இப்போது அந்த சிரப். பெயரை நீங்கள் எழுதவில்லை. ‘வாந்திக்கும் ஆச்சு, தூக்கத்துக்கும் ஆச்சு’ என்று நம் மெடிக்கல்களில் எடுத்துத் தருவது பெரும்பாலும் ப்ரோமெத்தசின். அதை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. மூச்சு மட்டுப்பட்டு நின்றுவிடும் ஆபத்து உண்டு; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004லேயே இதைக் கடுமையான எச்சரிக்கையாக அறிவித்தது. உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை. ‘பாதி மூடிதானே’ என்ற பேச்சே வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இவ்வளவு நேரம் எந்த அறிகுறியைப் பார்க்கச் சொன்னேனோ, அதைத்தான் இந்த மருந்து மறைக்கும். கிறங்கிக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து ‘மருந்து வேலை செய்யுது’ என்று நீங்களும் நிம்மதியாகப் படுத்துவிடுவீர்கள். அடுத்தவர் பிள்ளைக்கு எழுதிய சிரப்பும், யூடியூபில் சொன்ன அளவும், ஆச்சி எடுத்து வைக்கிற வசம்பு, ஜாதிக்காய் உரைமருந்தும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

சரி, சின்னவனுக்கு வாந்தி வந்தால் என்ன செய்வது? கப்பல் ஆட்டத்தால் வரும் வாந்தி இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம். உட்காதுக்கும் கண்ணுக்கும் கணக்கு ஒத்துப்போகாததால் வரும் தொந்தரவு அது. இரண்டு வயதுக்கு மேல்தான் தலைகாட்டும், பள்ளிக்கூட வயதில் உச்சமாக இருக்கும். அதனால் உங்கள் மகன் வாந்தி எடுத்தால் ‘கடல் ஒத்துக்கல’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். வயிற்றுக் கிருமி என்றே எடுத்துக்கொண்டு முதல் வாந்தியிலிருந்தே ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலை ஆரம்பியுங்கள்.

மகளின் கதை வேறு. பஸ்ஸில் மாஞ்சோலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவளாக இருந்தால் கப்பலிலும் எடுக்கலாம். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, கடல் அடங்கியதும் எழுந்து தோசை கேட்கிறாள் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் வங்கக் கடல் கொஞ்சம் துள்ளும், அது தெரிந்தே போங்கள். இனிமேலும் மாற்ற முடியும் என்றால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தள அறையாகக் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. மேல்தளத்துக்குக் கூட்டிப்போய்த் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் செல்போனைக் கொடுத்தால் வாந்தி நிச்சயம். இஞ்சி முரப்பா ஒரு துண்டு, எலுமிச்சம்பழம் முகர்வது, இதெல்லாம் செய்யலாம், கெடுதல் இல்லை. மாத்திரை வேண்டும் என்றால் உங்கள் குழந்தை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தரட்டும். அதையும் வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதிலாக ராத்திரி பூரா ஆடித் தீர்ப்பார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து, வயிற்றுக் கிருமியால் வரும் வாந்திக்குச் சில நேரம் நாங்கள் எழுதுவது. கப்பல் ஆட்டத்துக்கு அது கேட்காது.

ஓஆர்எஸ் பாக்கெட்டை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்டிருக்க வேண்டும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டில் பாதியைத் தட்டி ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது; உப்பு ஏறி வேறு வம்பு வரும். வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். தாகமாக இருக்கிறான் என்று மடக் மடக்கென்று குடிக்க விட்டால் அப்படியே திரும்பி வரும். வயிற்றால் போகிற ஒவ்வொரு தடவைக்கும் சின்னவனுக்கு 50 முதல் 100 மில்லி, பெரியவளுக்கு 100 முதல் 200 மில்லி. தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்கள் என்றால் நிறுத்த வேண்டாம். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பழச்சாற்றை ஓஆர்எஸ் என்று வாங்கிவிடாதீர்கள். அப்படிப் பெயர் போட்டு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்ட பிறகும், ருசியாக இருக்கிறது என்று அதையே கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் ‘கப்பல் வைரஸ்’ என்று எழுதியிருப்பது நோரோ வைரஸ். கப்பலில்தான் என்றில்லை, ஹாஸ்டலிலும் கல்யாண வீட்டிலும் வரும், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் போய்விடும். சானிடைசரை நம்பாதீர்கள், இந்தக் கிருமிக்கு அது சரியாகக் கேட்காது. பஃபேக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாளுக்குள் யாருக்காவது வயிற்றால் போனால் உடல்நலப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள்.

கடல் காற்றால் சளி பிடிக்காது. ஏசி குளிர்ந்தால் ஒரு சட்டை கூடப் போடுங்கள். காதடைப்பு விமானத்தில் வருவது, கப்பலில் காற்றழுத்தம் அப்படி மாறாது. சாப்பாட்டுக்கு இட்லி, தயிர்சாதம் கிடைக்காமல் போகாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாயை மட்டும் சின்னவன் கைக்கு எட்டாமல் வையுங்கள், கடலை மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும் வயது. இலங்கையில் மலேரியா இல்லை, 2016லேயே உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. டெங்கு உண்டு, கரையில் இறங்கும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள். கடல் பயணமே பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் சொன்னால், கொழும்பில் கடை வைத்திருந்த நம் பக்கத்துக் குடும்பங்கள் கைக்குழந்தையோடுதான் தூத்துக்குடியில் கப்பல் ஏறின என்பதை நினைவுபடுத்துங்கள். அவருக்குத் தெரிந்த யாராவது அதில் இருப்பார்கள்.

அந்த ரீல்ஸை அழித்துவிடுங்கள். குளத்தில் விளையாடி, சாப்பிட்டு, சிரித்துப் பேசி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் படுத்த பிள்ளை தண்ணீரால் தூக்கத்தில் இறப்பதில்லை. இதற்கு வைக்கிற ‘உலர் மூழ்கல்’ என்ற பெயரையே மருத்துவ உலகம் ஏற்கவில்லை. தண்ணீருக்குள் போய்த் தூக்கி எடுக்கப்பட்ட பிள்ளைக்கு இருமல் நிற்காமல் வந்தால், மூச்சு வாங்கினால், சோர்ந்தால், அப்போது உடனே காட்டுங்கள். பயப்பட வேண்டியது பிள்ளை குளத்தில் இருக்கும் நேரத்துக்குத்தான். மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். கப்பல் குளங்களில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்ப வேண்டாம். தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்தவர் என்றால் உங்கள் கணவரே செல்போனை அறையில் வைத்துவிட்டு, கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள் நிற்கட்டும். டயபர் போடும் பிள்ளைகளைப் பெரும்பாலான கப்பல்களில் குளத்தில் விடமாட்டார்கள், அதனால் சின்னவன் பாடு உங்களுடையது. அறைக்குப் பால்கனி இருந்தால் நாற்காலி, டீப்பாய் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைப் பூட்டுங்கள்.

தடுப்பூசிக்கு வருகிறேன். ஒன்றரை வயது ஊசியில் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் பூஸ்டரும் இருக்கின்றன. பல நூறு பேர் ஒரே இடத்தில் சாப்பிட்டுத் தூங்கும் பயணத்துக்கு முன்னால் அதைத் தள்ளிப்போடுவது தலைகீழ் வேலை. முத்தடுப்பு ஊசிக் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். தட்டம்மை ஊசிக் காய்ச்சல் வந்தால் ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் வரும். அதனால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள், காசு கிடையாது. வருகிற புதன்கிழமையே தூக்கிக்கொண்டு போங்கள்.