எழுபதாயிரம் ரூபாய் கிட் தேவையா? மலைத்தோட்டத்துக்குப் போகும் ஓர் எக்ஸ்பல்ஸ்காரருக்குப் பதில்

கேள்வி: போடிநாயக்கனூரில் வசிக்கிறேன். 2021-ஆம் ஆண்டு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். சாந்தன்பாறை பக்கம் உள்ள எங்கள் ஏலத்தோட்டத்துக்கு வாரம் இரண்டு முறை போடிமெட்டு ஏறிப் போக வேண்டும். கடைசி நான்கு கிலோமீட்டர் ஜீப் போகும் கல்பாதை. சில நாள்களில் பின்னால் உரமும் இருக்கும். என் உயரம் 163 செ.மீ., எடை 62 கிலோ. வண்டியை நிறுத்தினால் கால்விரல்தான் தரையில் படுகிறது. ஒரு கடையில் சைலன்சர், இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) மாற்றம், பின் ஷாக், அகலமான டயர், ஹேண்டில் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆர்.சி.யிலும் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். இதில் எது தேவை? வீட்டில் நானே எதைச் செய்துகொள்ளலாம்?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

நீங்கள் வாங்கியிருப்பது கல்பாதைக்கென்றே செய்த வண்டி. முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18 அங்குலம். முன் ஃபோர்க் 190 மில்லிமீட்டர் அமுங்கும், பின் ஷாக் 170. தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி, எஞ்சினுக்கு அடியில் அலுமினியத் தகடு. ஜீப் பாதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இவற்றை உங்கள் உடம்புக்கும் சுமைக்கும் ஏற்றபடி யாரும் இன்னும் சரிசெய்யவில்லை. அதுதான் குறை. அதற்குத் தேவை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் இஞ்ச் டேப், இரண்டு நண்பர்கள்.

முதலில் ஆர்.சி. விஷயத்தைப் பேசிவிடுகிறேன். என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்துவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஒவ்வொன்றுக்கும் என்பதைக் கவனியுங்கள். சைலன்சர் மாற்றி ஒலியும் புகையும் வரம்பை மீறினால் அது வேறு பிரிவு: 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமமும் போகும். அப்படியிருக்க, "ஏற்றித் தருகிறோம்" என்று கடைக்காரர் கைகாட்டும் புரோக்கர் ஆர்.சி.யில் எதை ஏற்றுவார்? வாங்கிய காசுக்கு ஒரு ரசீதைக் காட்டுவார். அவ்வளவுதான். நீங்கள் போடிமெட்டைத் தாண்டியதும் கேரளம். அங்கே மாற்றிய வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதில் மோட்டார் வாகனத் துறை விடாப்பிடியாக இருக்கிறது. அந்த இடத்தில் புரோக்கர் உங்கள் போனை எடுக்க மாட்டார். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இழப்பீட்டை மறுக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் வருத்தமும் உண்டு. காருக்கு காஸ் கிட் பொருத்த முறை இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்ற முறை இருக்கிறது. நின்றபடி ஓட்டும்போது முதுகு வளையாமலிருக்க ஹேண்டிலுக்கு அடியில் இரண்டு விரல் உயரத் துண்டு வைக்கலாமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டால், ஒரு ஜன்னலில் கூடாது என்கிறார்கள், அடுத்த ஜன்னலில் யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறார்கள். எழுத்தில் ஒரு பதில் கிடைப்பதில்லை. இந்தக் குழப்பத்தில்தான் புரோக்கர் பிழைக்கிறார். ஆகவே என்னிடம் ஒரே விதி: ஆர்.சி.யில் உள்ள எதையும் தொடாத வேலை, வேண்டாம் என்றால் அரை மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடக்கூடிய வேலை. இந்த இரண்டுக்கும் உட்பட்டதை மட்டும் செய்யுங்கள். பக்கக் கண்ணாடி, சேலைக் கம்பி, நம்பர் பிளேட் மூன்றும் கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும்.

சைலன்சரையும் இ.சி.யு.வையும் மறந்துவிடுங்கள். உங்களுடையது பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டி. புகையைச் சுத்திகரிக்கும் பகுதி புகைக்குழாயிலேயே இருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரும் அங்கேதான். குழாயை முழுதாக மாற்றினால் இரண்டின் கணக்கும் கெடும். சுமார் 18 குதிரைத்திறன் உள்ள எஞ்சினில் அதனால் கூடும் சக்தி உங்கள் ஏற்றத்தில் தெரியவே தெரியாது. சத்தம் மட்டும் தெரியும். அகலமான பின் டயரும் அப்படித்தான். அந்த ரிம்முக்கு உரியது 120/80-18. அதைவிடப் பெரிய டயர் செயினில் உரசக்கூடும், வளைவில் வண்டி கனக்கும்.

இனி வீட்டு வேலை. உயரப் பிரச்சினையும் இதில்தான் பாதி தீரும்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் கொஞ்சம் அமுங்க வேண்டும். மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கினால் சரி. 170-க்கு அது 43 முதல் 57 மில்லிமீட்டர். நீங்கள் 50-ஐக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சுக்கு நேர் மேலே, பின்பக்க பாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். நண்பர்கள் இருவர் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிடட்டும். அச்சிலிருந்து கோடுவரை அளந்து எழுதுங்கள். பிறகு ஹெல்மெட், ஷூ, பையுடன் நீங்கள் ஏறி உட்காருங்கள். ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. பழைய உரிமையாளர் பின்னால் ஆள் ஏற்றியவராக இருந்தால் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும். 62 கிலோவுக்கு 30 மில்லிமீட்டர்கூட அமுங்காது. கொக்கி ஸ்பானரால் ஷாக்கின் வளையத்தை ஒவ்வொரு படியாகத் தளர்த்தி மறுபடி அளங்கள். சீட் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். விரல் நுனி பட்ட இடத்தில் பாதத்தின் முன்பகுதி படும். கடைக்காரர் விற்கும் கடினமான ஷாக்கைப் போட்டால் இன்னும் மேலே ஏறிவிடுவீர்கள்.

அடுத்தது செயின். இந்த வகை வண்டியில் பின் சக்கரம் நிறைய ஏறி இறங்குவதால் செயினின் இறுக்கமும் மாறிக்கொண்டே இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் சிறிய பல் சக்கரத்தின் மையம், பின் சக்கரத்தைத் தாங்கும் கையின் போல்ட், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கமாக இருக்கும். ஸ்டாண்டில் நிற்கும்போது செயின் தொங்குகிறதே என்று நகரத்துப் பழக்கத்தில் இறுக்கிவிடுகிறார்கள். முதல் பெரிய கல்லில் சக்கரம் மேலேறும்போது இழுபடுவது எஞ்சின் தண்டின் பேரிங். இதனால் கெட்டுப்போன இரண்டு எஞ்சின்களை நானே பிரித்திருக்கிறேன். இரண்டிலும் செயின் புதியது. லாரிகளில் சாமான் கட்டும் இழுவைப் பட்டையால் பின்பக்கத்தை அந்த நேர்கோடு வரும்வரை அமுக்கிக் கட்டுங்கள். அந்த நிலையில் செயின் ஒரு விரல் நுனி அளவு அசைய வேண்டும். பட்டையை அவிழ்த்து, ஸ்டாண்டில் நிறுத்தி, இப்போது எவ்வளவு தொங்குகிறது என்று அளந்து சீட்டின் அடிப்பக்கம் எழுதி ஒட்டுங்கள். இனி அதுதான் உங்கள் வண்டியின் அளவு.

ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏற வேண்டியிருந்தால், முன் பல் சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். 13 இருந்தால் 12 பல் சக்கரம் ஒன்று போதும். வேகம் சுமார் 8 சதவீதம் குறையும், இழுவை அதே அளவு கூடும். பின் பல் சக்கரத்தில் மூன்று பல் கூட்டியதற்குச் சமம். விலை சில நூறு ரூபாய்தான். செயின் அளவை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஹேண்டிலை உயர்த்துவதற்கு முன் நின்று பாருங்கள். 163 செ.மீ. உயரத்துக்கு உயர்த்தும் துண்டு தேவைப்படாமலே போகலாம். பிரேக், கிளட்ச் லீவர்களைக் கொஞ்சம் கீழே திருப்பினாலே நின்றபடி பிடிக்கும்போது மணிக்கட்டு நேராக வரும். பெரும்பாலோருக்கு அதுவே போதும். எதைத் திருப்பினாலும் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை வளையுங்கள். சத்தம் தானாகக் கூடினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அப்படி ஓட்டாதீர்கள்.

சுமை ஏற்றும் நாளுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. இதை நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழுவது அன்றைக்குத்தான். யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. அதை முழுதாக ஏற்றாதீர்கள். பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள். பாதி மூட்டையைப் பின்கம்பியில் கட்டாமல், உங்கள் முதுகை ஒட்டிப் பின்சீட்டின் மேலே கிடத்திக் கட்டுங்கள். பின்கம்பியில் கட்டினால் சுமை அச்சுக்கும் பின்னால் போய், கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் இலேசாகி வழுக்கும். ஷாக்கை இரண்டு படி இறுக்கி, மூட்டையோடு உட்கார்ந்து அளந்து பாருங்கள். அன்றைக்குப் பின் டயரில் காற்றைக் குறைக்காதீர்கள். சுமையோடு முகப்பு விளக்கு மேலே தூக்கும், எதிரே வரும் ஜீப் ஓட்டுநரின் கண் கூசும். அதையும் ஒரு திருகு கீழே இறக்குங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், இறங்கி வரும்போது அந்த இரண்டு படியைத் திரும்பத் தளர்த்துவது. காலி வண்டியில் இறுக்கிய ஷாக்கோடு நனைந்த கல்லில் இறங்கினால் பின் சக்கரம் துள்ளிக்கொண்டே இருக்கும். கொக்கி ஸ்பானர் தோட்டத்திலும் ஒன்று கிடக்கட்டும்.

டயருக்கு வருவோம். கம்பி ஸ்போக் சக்கரம் என்பதால் உள்ளே டியூப் இருக்கிறது. கல்பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கலாம். அதற்குக் கீழே போனால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் பழையபடி ஏற்றிவிடுங்கள். வால்வின் அடியிலுள்ள சிறிய நட்டை ரிம்மோடு இறுக்கி வைக்காமல், மேலே மூடிவரை திருகி வையுங்கள். டயர் ரிம்மில் நகர்ந்தால் வால்வு சாய்ந்து நிற்பது கண்ணில் படும். நட்டு அடியில் இறுகியிருந்தால் வால்வு சாயாது, ஒரு நாள் வேரோடு கிழியும்.

மாதம் ஒருமுறை சிறிய ஸ்பானரால் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். பழைய வண்டி என்பதால் முதல் முறையே நான்கைந்து தளர்ந்திருக்கலாம். அவற்றைக் கோட்டம் எடுக்கத் தெரிந்த பஞ்சர் கடையில் கொடுத்துச் சரிசெய்யுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் வீட்டில் முயல வேண்டாம்.

கடையில் மிச்சமாகும் பணத்தில் பாதம் முழுவதையும் மூடும் கணுக்கால் ஷூ ஒன்று வாங்குங்கள். தடித்த அடிப்பாகம் உங்கள் உயரத்துக்கும் உதவும். இரண்டு டயர் லீவர், ஒரு கைப்பம்பு, ஒரு 21 அங்குல டியூப் ஆகியவற்றைச் சீட்டுக்கு அடியிலோ பையிலோ வையுங்கள். முன் சக்கரத்துக்கான அந்த டியூபைப் பின் சக்கரத்திலும் மடித்துத் திணித்து ஊர் வந்து சேர்ந்துவிடலாம். 18 அங்குல டியூபை முன்னால் போட முயன்றால் வேலைக்கு ஆகாது. தோட்டத்துப் பாதையில் அது தேவைப்படும் முன், வீட்டு வாசலில் ஒரு முறை டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும்.