வயது ஏற ஏறப் பணத்தைவிட நேரம்தான் பெரிது என்று ஆகிவிடுமா?

கேள்வி கேட்டவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். வேலை போக ஏதோ பகுதிநேர வருமானமும் இருக்கும். "எப்பப் பார்த்தாலும் லேப்டாப்தானா?" என்று வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்திருக்காது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

ஆகிவிடும். ஆனால் தானாக ஆகாது, எனக்கு ஆகவில்லை.

எனக்கு இப்போது 56. முப்பத்தெட்டாவது வயதில் வீட்டுக் கடனை அடைப்பதற்காகச் சனி, ஞாயிறுகளில் சின்னச் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். வாரத்துக்கு எட்டு மணி நேரம். "பணம் வேண்டாம், நேரம்தான் செல்வம் என்பதெல்லாம் வயிறு நிறைந்தவன் பேச்சு" என்று யாராவது சொல்ல வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: அந்த வருமானம் இல்லாவிட்டால் வீடு கையை விட்டுப் போயிருக்கும். அந்த வருடங்களுக்காக நான் துளியும் வருந்தவில்லை. கடன் இருப்பவரிடம் போய் வார இறுதியை அனுபவியுங்கள் என்று சொல்வது திமிர்.

என் சங்கடம் வேறு. கடன் ஆறே வருடத்தில் தீர்ந்துவிட்டது. நான் கணக்கு எழுதியதோ பதினோரு வருடம்.

கடன் முடிந்த அன்று அண்ணனுக்குப் போன் செய்தேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. "அப்ப இனிமே ஞாயிற்றுக்கிழமை மலை ஏறலாம்ல?" என்றார். சின்ன வயதிலிருந்து இருவருக்கும் இருந்த ஆசை அது. "இந்த வருஷக் கணக்கு முடியட்டும்ணே" என்றேன். கணக்கு வருடம் வருடாவருடம் முடியத்தான் செய்கிறது, மறுநாளே அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஐந்து தடவை அதே பதிலைச் சொன்னேன். கடைசி இரண்டு தடவை அவர் கேட்கக்கூட இல்லை, நானாகவே சொன்னேன்.

வாரம் எட்டு மணி, வருடத்துக்கு ஐம்பது வாரம், ஐந்து வருடம்: 2,000 மணி நேரம். தூக்கம் போக ஒரு நாளுக்குப் பதினாறு மணி என்று வைத்தால் 125 முழு நாட்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு இந்தக் கணக்கைப் போட ஐந்து வருடம் ஆனது. அந்தப் பணம் என்ன ஆனது என்று கேட்டால் பாதி டெபாசிட்டில் கிடக்கிறது. மீதிப் பாதி எதில் போனது என்று சத்தியமாக நினைவில்லை.

நான் மட்டும்தான் முட்டாளோ என்று தேடிப் படித்ததில் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. அறுபது பேருக்கு இரண்டு வார இறுதிகளில் ஒரே அளவு தொகை கொடுத்து, ஒரு வாரம் பொருள் வாங்கவும் இன்னொரு வாரம் தங்கள் நேரத்தை மிச்சப்படுத்தவும் செலவழிக்கச் சொன்னார்கள். நேரத்தை மிச்சப்படுத்திய வாரத்தில்தான் மனது நன்றாக இருந்ததாம். ஆனால் என்னை உறுத்தியது அதே ஆய்வில் இருந்த வேறொரு தகவல். நெதர்லாந்தில் கோடீஸ்வரர்களைக் கேட்டால், அவர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிடிக்காத வேலைகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கக் காசு செலவழிப்பதில்லை. ஆக, பணம் போதவில்லை என்பது மட்டுமே காரணமில்லை, பழக்கம் விடுவதில்லை.

'நேரம்தான் பணம்' என்று அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதியது 1748-இல், ஓர் இளம் வியாபாரிக்கு அறிவுரையாக. அதே வருடம், 42 வயதில், அச்சுத் தொழிலின் அன்றாடப் பொறுப்பைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு மின்சார ஆராய்ச்சிக்குப் போய்விட்டார் மனுஷன். நமக்கு முதல் பாதியை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

நேரம் என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தக் குரல் செய்தி அனுப்புகிறவர்கள். ஒரு வரியில் தட்டச்சு செய்து கேட்கக்கூடியதை ஏழு நிமிடம் பேசி அனுப்புகிறார்கள், அதில் முதல் இரண்டு நிமிடம் "அப்புறம்... என்னன்னா..." தான். அவர்களுக்கு மிச்சமான நேரம் என் தலையில் விழுகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எரிச்சலை வேறு எங்கே போய்ச் சொல்வது?

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். 49-இல் நான் ஒருவழியாக நிறுத்தியபோது அவருக்கு 55. அதற்குள் இரண்டு முழங்காலிலும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. சமதரையில் நடக்கலாம், ஏற்றம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நேரத்தைச் சேர்த்து வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஐம்பது வயதில் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை நாற்பத்து நான்கில் விட்ட ஞாயிற்றுக்கிழமை இல்லை.

இப்போதும் மாதம் ஒரு தடவை போகிறோம். அவர் அடிவாரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். நான் பாதி வரை ஏறி இறங்கி வருவேன். "மேலே என்னடா இருக்கு?" என்பார். பாதிதானே போனேன், எனக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான்: கடன் தீரும் தேதியை இப்போதே எங்காவது எழுதி வையுங்கள். அதற்கு அடுத்த வாரத்து ஞாயிறு யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒருவருக்கு மட்டும் இன்னும் கணக்கு எழுதுகிறேன். பழைய நண்பர், காசு வாங்குவதில்லை. அதுவும் சனிக்கிழமைதான்.