அறைத் தோழனுக்குச் சளிக்காய்ச்சல் (ஃப்ளூ), அடுத்து நானா?

(சிங்கப்பூரில் பல்கலைக்கழக மாணவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த தாதி ஒருவர் பதில் சொல்கிறார்.)

அக்கா, ஹாலில் (மாணவர் விடுதியில்) இரண்டு பேர் தங்கும் அறை. அறைத் தோழனுக்கு நேற்று இரவிலிருந்து காய்ச்சல், இருமல். எனக்கும் வந்தே தீருமா?

வந்தே தீரும் என்றில்லை, தம்பி. ஆனால் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடும். அவன் நேற்று மத்தியானம் நன்றாக இருந்து, உன் தட்டிலிருந்து சாப்பிட்டிருந்தால், அப்போதே உனக்குத் தொற்றியிருக்கலாம். தொற்றியிருந்தால் ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் தெரிந்துவிடும். அதுவரை நீயும் முகக்கவசம் போட்டுக்கொள், பாட்டி தாத்தா வீட்டுப் பக்கம் போகாதே.

அறையில் முதல் வேலை, சன்னலைத் திறப்பது. சுவரில் மாட்டிய ஏர்கான் பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும், புதுக் காற்றைக் கொண்டுவராது. புழுக்கமாகத்தான் இருக்கும், மின்விசிறியைப் போட்டுச் சமாளி. படுக்கையை நகர்த்த முடியாவிட்டால் தலைமாட்டையாவது எதிர்ப்பக்கம் மாற்று. குவளை, துண்டு, சார்ஜர் எல்லாம் தனித்தனி. அவனுக்குச் சாப்பாடு டாபாவ் (பொட்டலம் கட்டி) வாங்கிக் கொடு, வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. ஹால் அலுவலகத்தில் காலி அறை இருக்கிறதா என்றும் கேள். கேட்கக் கூச்சப்பட்டே பல பேர் படுத்துவிடுகிறார்கள்.

நாளைக்குத் தேர்வு. 38.5 டிகிரி. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு எழுதிவிடலாமா?

எனக்குக் கோபம் வருகிற கேள்வி இதுதான். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், நீ இருமினால் கிருமி வெளியே வரத்தான் செய்யும். குளிரூட்டிய மண்டபத்தில் இரண்டு மணி நேரம் உன்னைச் சுற்றி உட்காருபவர்களை நினைத்துப் பார். இன்றைக்கே மருத்துவரைப் பார்த்து எம்சி (மருத்துவச் சான்றிதழ்) வாங்கு, துறைக்கு உடனே எழுது. தேர்வு முடிந்த பிறகு எம்சி தேடிப் போனால் சிக்கல்தான். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லையென்றால் அப்புறம் வகுப்புக்குப் போகலாம், சில நாள் முகக்கவசத்தோடு.

ஆன்டிபயாட்டிக் கொடுங்கள் என்று மருத்துவரிடம் அடம்பிடிக்காதே. அது வைரஸை ஒன்றும் செய்யாது.

இங்கே குளிர்காலமே கிடையாது. தடுப்பூசி எப்போது போடுவது?

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சளிக்காய்ச்சல் உண்டு. ஆண்டு இறுதியை ஒட்டியும், மே முதல் ஜூலை வரையிலும் கொஞ்சம் கூடும். ஊசி போட்டுச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் முழுப் பலன் கிடைக்கும். அதனால் நவம்பர் தேர்வுக்கு அக்டோபரிலேயே போட்டுக்கொள். வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் ஆண்டுக்கு ஒருமுறை தேவை. ஊசி போட்டாலும் காய்ச்சல் வரலாம், ஆனால் பெரும்பாலும் கடுமையாகாது.

எனக்கு ஆஸ்துமா இருக்கிறது, அக்கா.

அப்படியானால் நீ ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பார். வைரஸ் எதிர்ப்பு மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மூச்சுத் திணறினால் நேரே அவசரப் பிரிவுக்குப் போ.

மகள் ஹாலில் இருக்கிறாள். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தனுப்பினால் தடுக்குமா?

அதை நம்பி ஊசியை விட்டுவிடாதீர்கள், அம்மா. மிளகு ரசம் அனுப்புங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். இன்னொன்று: சளி, இருமல் இல்லாமல் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் அது டெங்கியாக இருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்க்கட்டும், காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போடட்டும். டெங்கி இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூபன் வேண்டாம்.

எம்ஆர்டி ரயிலில் நான் மட்டும் முகக்கவசம் போட்டால் எல்லாரும் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். 2023 பிப்ரவரியில் பொதுப் போக்குவரத்தில் கட்டாயம் இல்லை என்றுதான் அறிவித்தார்கள், போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நீ இருமும்போது பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவதைவிட இது எவ்வளவோ மேல்.