அக்காவின் பகுதியை நான் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. கோவையில் ஆசிரியை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் கொரிய எழுத்தாளர் ஹான் காங் எழுதிய 'மரக்கறி' நாவல். கறி சாப்பிட மறுக்கும் மகளின் வாயில் அப்பா கறியைத் திணிக்கும் இடம் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. என் தங்கைக்கு ஒன்பது வயதிருக்கும்போது, சாப்பிட அடம்பிடித்தாள் என்று எங்கள் அப்பா அவள் முகத்தைச் சோற்றுத் தட்டில் வைத்து அழுத்தினார். எனக்கு அப்போது 13. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. தங்கை ஓசூரில் இருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசிக்கொள்வதோடு சரி. அம்மாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "போனவரைப் பத்தி இப்ப எதுக்கு?" என்று முடித்துவிட்டார். நாவலின் கடைசிப் பகுதி அக்காவின் கதை என்கிறாள் தோழி. நான் அதைப் படிக்கலாமா? தங்கைக்கும் ஒரு பிரதி அனுப்பலாமா?

பெயர் வேண்டாம், கோவை

பதில்: அன்புள்ள சகோதரி,

படியுங்கள். ஆனால் இரவில் வேண்டாம், வீட்டில் யாரும் இல்லாதபோதும் வேண்டாம். தங்கைக்கு அனுப்பாதீர்கள்.

நம் ஊரில் ஒரு பெண் கறி சாப்பிடுவதை விட்டுவிட்டால் யாரும் பதறமாட்டார்கள். புரட்டாசி முழுக்க விடுகிறவர்கள் எத்தனை பேர்! நல்லதுதானே என்றுகூடச் சொல்வார்கள். அதனால் இந்த நாவலில் ஏன் இவ்வளவு கலவரம் என்று நம்மில் சிலருக்கு முதலில் பிடிபடாமல் போகலாம். கொரிய வீட்டில் நடுவில் வைத்த பதார்த்தங்களிலிருந்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே ஒருத்தி மட்டும் கையை இழுத்துக்கொண்டால், சுற்றி உட்கார்ந்திருப்பவர்களையே அவள் வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடுகிறது. உங்களுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. உங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டே போதுமாக இருந்திருக்கிறது.

நாவலில் வரும் அந்த அப்பா வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். 1964 முதல் 1973 வரை தென்கொரியா மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அங்கே அனுப்பியது. ஏழு பேரைக் கொன்றதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். மகளின் கைகளைப் பிடிக்கச் சொல்கிறார், பிடிக்கிறார்கள். அடிக்கிறார், கறியைத் திணிக்கிறார். அக்கா இன்-ஹே அவரைத் தடுக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. நீங்கள் இந்த இடத்தோடு மூடிவிட்டீர்கள். என் வருத்தமெல்லாம், மூடக்கூடாத இடத்தில் மூடிவிட்டீர்களே என்பதுதான். இப்போது உங்கள் மனதில் அந்த மேஜை அப்படியே உறைந்து நிற்கிறது. அதைச் சுற்றியிருந்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியாது. தூக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2007இல் கொரிய மொழியில் வந்த இந்த நாவலில் மூன்று பகுதிகள். தனித்தனிக் குறுநாவல்களாக வெளியாகிப் பின்னர் ஒன்று சேர்ந்தவை. இரண்டாம் பகுதி அக்காவின் கணவனைப் பற்றியது. உடல், ஆசை, துரோகம் என்று போகும் கனமான பகுதி. இப்போதைக்கு அதைத் தாண்டிப் போங்கள், தவறில்லை. அவன் செய்த காரியம் அக்காவின் குடும்பத்தை உடைத்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

மூன்றாம் பகுதியில் தங்கை யோங்-ஹே மனநல மருத்துவமனையில் இருக்கிறாள். தான் மரமாகிக்கொண்டிருப்பதாக நம்புகிறாள், எதையும் சாப்பிடுவதில்லை. (சமயவேல் தன் தமிழாக்கத்துக்கு வைத்த தலைப்பை நான் மிகவும் விரும்புகிறேன். இலங்கையில் காய்கறியைக் குறிக்கும் அந்த ஒரே சொல்லில் மரமும் இருக்கிறது, கறியும் இருக்கிறது.) அப்பாவும் அம்மாவும் அவளைக் கைவிட்டுவிட்டார்கள். வந்து பார்ப்பது அக்கா மட்டும்தான். பேருந்தில் வரும்போதும் படுக்கை அருகே உட்கார்ந்திருக்கும்போதும் இன்-ஹேவுக்குச் சின்ன வயது திரும்பத் திரும்ப வருகிறது. அப்பாவின் அடி பெரும்பாலும் தங்கை மேல்தான் விழுந்தது. மூத்தவள், குடித்துவிட்டு வருபவருக்குச் சூப் வைத்துக் கொடுப்பவள் என்பதால் இன்-ஹேவிடம் மட்டும் அவர் கொஞ்சம் அடக்கி வாசிப்பார். ஒரு நாள் அக்காவும் தங்கையும் மலையில் வழி தவறிவிடுகிறார்கள். திரும்பிப் போகவே வேண்டாம் என்கிறாள் சின்னவள். பெரியவளுக்கு அது புரியவில்லை. எப்படியோ வீடு வந்து சேர்கிறார்கள். எத்தனையோ வருடம் கழித்து அந்தச் சொல்லின் அர்த்தம் அவளுக்கு உறைக்கிறது.

தான் பொறுப்பான மூத்த மகளாக இருந்ததெல்லாம் பக்குவம் இல்லை, கோழைத்தனம், பிழைத்துக்கொள்ளும் வழி என்று இன்-ஹே தன் மேல் தீர்ப்பு எழுதிக்கொள்கிறாள். நீங்கள் பயப்படும் வரி அதுவாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் நான் அவளோடு உடன்படவில்லை. அடிக்கிற கைக்குச் சூப் வைத்துக் கொடுத்த சிறுமியைக் கோழை என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தது பசியால் இல்லை. நிறுத்தினால் அடுத்த முகம் உங்களுடையது. அதை உங்கள் 13 வயது நன்றாகக் கணக்குப் போட்டிருந்தது. அந்தப் பெண் யாருக்கும் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை.

ஆனால் 42 வயதுக்காரரிடம் நான் வேறு மாதிரிதான் பேச முடியும். மருத்துவமனையில் ஒரு இடம் வருகிறது. பட்டினியால் செத்துவிடுவாள் என்று யோங்-ஹேவின் மூக்கு வழியாகக் குழாய் இறக்குகிறார்கள். பலர் சேர்ந்து அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். அப்பாவின் மேஜை அப்படியே திரும்ப வருகிறது, இந்த முறை நல்லெண்ணத்தோடு. இன்-ஹே தடுக்கிறவர்களை மீறி ஓடிப்போய் நிறுத்தச் சொல்கிறாள். அன்று முடியாததை அவள் செய்வதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. நீங்கள் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இந்தப் பக்கங்களுக்காகத்தான்.

சரி, தங்கைக்கு ஏன் அனுப்பக்கூடாது? இந்த நாவலில் யோங்-ஹேவின் கதையை முதலில் அவள் கணவன் சொல்கிறான். பிறகு அக்காவின் கணவன் வழியாகவும் அக்கா வழியாகவும் அவளைப் பார்க்கிறோம். அவள் குரல் நேராகக் கேட்பது கனவுத் துண்டுகளில் மட்டும். எல்லோரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவளிடம் கேட்பவர் யாருமில்லை. உங்களிடமிருந்து கூரியரில் இந்தப் புத்தகம் வந்தால், "நீ இந்தப் பெண்ணைப் போல" என்று அக்கா சொல்வதாகத்தான் உங்கள் தங்கைக்குப் படும். வருடத்துக்கு இரண்டு முறை பேசுகிற உறவு அதைத் தாங்காது.

நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "அன்னிக்கு அப்பா உன் முகத்தைத் தட்டுல அழுத்தினப்போ நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். பார்த்தேன். எனக்கு அது மறக்கல." அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடாதீர்கள். கேட்டால் அவள் உடனே உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும், பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். "எனக்கு ஞாபகமே இல்லையேக்கா" என்று அவள் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சிரித்து மழுப்பினால் விடுங்கள். 29 வருடம் தனியாகச் சுமந்ததை அவள் உங்கள் வசதிக்காக ஒரே நாளில் இறக்கி வைக்க மாட்டாள். ஆனால் அங்கே ஒரு சாட்சி இருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவை இதில் இழுக்க வேண்டாம். நாவலில் அம்மா கருப்பு ஆட்டுச் சாற்றை மூலிகை மருந்து என்று பொய் சொல்லி மகளுக்குக் கொடுக்கிறாள். பாசத்தால்தான். மகள் வாந்தி எடுக்கிறாள். உங்கள் அம்மாவும் அந்தத் தட்டுக்கு அருகில்தான் நின்றிருப்பார். அவருக்கு அதைப் பார்க்கத் தெம்பு வருமா, எப்போது வரும் என்பது அவர் பாடு.

தூக்கம் இன்னும் ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். ஒரு நாவலைப் படித்துத் தூக்கம் போனதற்கா என்று கூச்சப்படாதீர்கள். போனது நாவலால் மட்டும் இல்லை.

ஓசூருக்குப் பண்டிகை இல்லாத ஒரு நாளில் போங்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்ச் சேர்கிற மாதிரி பேருந்து பிடியுங்கள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இதைப் பேச வேண்டாம். கடைக்குப் போகலாம் வா என்று அவளை வெளியே கூட்டிப்போய், நடந்துகொண்டே பேசுங்கள்.