தாய்ச்சியில் எதைப் பழகுவது, எதை விடுவது

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது, நாலு வருடமாகப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய். போன மாதம் குசினி வாசலில் திரும்பும்போது இரண்டு தரம் விழுந்துவிட்டார். தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி நல்லது என்கிறார்கள். சொல்லித்தர எங்களுக்குத் தெரிந்த ஆள் இல்லை. யூடியூப் பார்த்துச் செய்யலாமா? நடுக்கம் குறையுமா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நடுக்கத்துக்குக் குளிசைதான். தாய்ச்சியில் பெரிதாகக் கிடைப்பது சமநிலை. அமெரிக்காவின் ஒரிகனில் 195 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, தாய்ச்சி, எடைப் பயிற்சி, தசை நீட்டும் பயிற்சி என்று கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு மணி நேரமாக 24 கிழமை பழக்கினார்கள். 2012இல் முடிவு வந்தது. சமநிலையில் தாய்ச்சிக்காரர்கள் மற்ற இரு பிரிவையும் முந்தினார்கள். தசை நீட்டியவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

ஆனால் அப்பா இரண்டு தரம் விழுந்திருக்கிறார். முதலில் கிளினிக்கில் சொல்லி, படுத்தபடியும் எழுந்து நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். எழும்பும்போது பிரஷர் இறங்கி விழுகிறவர்கள் பலர். பிசியோதெரபிஸ்ட் ஒருதரம் அவர் நடையைப் பார்க்கட்டும்.

யூடியூபில் வரும் 24 அசைவுக் கோவை வேண்டாம். அடுத்தது என்ன என்று யோசிக்கும் நேரத்தில்தான் கால் பின்னும். எடை மாற்றுவதையும் அடி வைப்பதையும் மட்டும் எடுங்கள்.

சுவர் மூலையில் முதுகு காட்டி நிற்கட்டும். முன்னால் பாரமான மரக் கதிரையின் முதுகுப்பக்கம். பிளாஸ்டிக் கதிரை கூடாது, அவர் சாய்ந்தால் அதுவும் சேர்ந்து வரும். பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் சற்று மடங்கி, பார்வை நேரே. இடுப்பை மெல்ல இடப்பக்கம் கொண்டுபோய், நாலு எண்ணி, பிறகு வலப்பக்கம். பக்கத்துக்கு எட்டுத் தரம். பெரும்பாலும் பிழை விடுவது இங்கேதான்: இடுப்பு அசையாது, தோள் மட்டும் சாயும். பார்க்கிறவருக்கு எடை போனதுபோலத் தெரியும். மற்றக் காலின் குதியைத் தூக்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் எடை போகவில்லை.

இது சரியானபின் அடி. எடை இல்லாத காலை முன்னே வைத்து, குதி முதலில், பிறகு விரல்கள், கடைசியாகத்தான் எடை. மெதுவாகச் செய்வது சுகம் என்று நினைக்காதீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடுகிறது. பத்து நிமிடம் போதும், நீங்கள் பக்கத்தில் சற்றுப் பின்னால் நில்லுங்கள்.

குசினி வாசலில் கால் தரையோடு ஒட்டினதுபோல நகராமல் நின்றால் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. மேலுடம்பு வரும், பாதம் வராது. “நில்லுங்க அப்பா, இடப்பக்கம் சாயுங்க, வலக்காலைப் பெரிசா வையுங்க” என்று சொல்லுங்கள். பழகிய அதே எடை மாற்றம்தான். திரும்பும்போது நின்ற இடத்தில் முறுகாமல், சின்னச் சின்ன அடியாக அரைவட்டம் போடட்டும். கூத்துப் பிரியர் என்றால் மத்தளத்தாளத்தை நீங்கள் வாயால் போடுங்கள். வெளியிலிருந்து வரும் தாளத்துக்குக் கால் அசைவது இந்த நோயில் தெரிந்த விஷயம். கூத்தின் சுழற்சி மட்டும் வேண்டாம்.

நேரம்: லெவோடோபா (பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் மருந்து) குளிசை போட்டு முக்கால், ஒரு மணி நேரம் கழித்து, உடல் இலகுவாக இருக்கும்போது. எருமைத் தயிரோடு குளிசை போடுகிற வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. தயிரின் புரதம் மருந்து சேர்வதைத் தடுக்கும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடட்டும். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும்.

சாரத்தோடு செய்ய விடாதீர்கள், குதியில் சிக்கும். அரைக் காற்சட்டை நல்லது. றப்பர் செருப்பும் முற்றத்து மணலும் இப்போதைக்கு வேண்டாம், காய்ந்த சீமெந்துத் தரையில் செய்யட்டும்.